சயாமீஸ் ட்ரீம் கிட்டார் சுவர்: வீட்டு ஸ்டுடியோவில் படிப்படியாகக் கட்டும் முறை

அமெரிக்க ராக் குழுவான ஸ்மாஷிங் பம்ப்கின்ஸின் ‘சயாமீஸ் ட்ரீம்’ ஆல்பத்தைக் கேட்ட கையோடு, கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெடலான பிக் மஃப்பை வாங்கியவர்கள் ஏராளம். வாங்கி, கரகரப்பைக் கூட்டும் ஸஸ்டெய்ன் குமிழைக் கடைசி வரை திருகி, ஒரே ட்ராக்கில் கார்டு அடித்துப் பார்த்தால் வருவது தேனீக்கூடு கலைந்த மாதிரி ஓர் இரைச்சல். ஆல்பத்தில் கேட்கும் அகலமும் கனமும் வராது. காரணம், அந்த ஒலியில் பெடலுக்குப் பாதிப் பங்குகூடக் கிடையாது. சுருதி சுத்தம், ஒரே பகுதியை அச்சுப் பிசகாமல் பலமுறை வாசிக்கும் கை, அடுக்கு ஏற ஏற ஃபஸ்ஸைக் குறைக்கும் பழக்கம் ஆகிய மூன்றும்தான் மீதியைச் செய்கின்றன. மூன்றையும் ஒரு லேப்டாப், ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு மைக் கொண்டே செய்யலாம்.

பதிவான விதம்

1992 டிசம்பர் முதல் 1993 மார்ச் வரை, ஜார்ஜியா மாநிலத்தில் அட்லாண்டாவை ஒட்டியுள்ள மரியெட்டாவின் ட்ரைக்ளாப்ஸ் ஸ்டுடியோவில் ஆல்பம் பதிவானது. தயாரித்தவர்கள் புட்ச் விக்கும், குழுவின் பாடகரும் கிட்டாரிஸ்டுமான பில்லி கார்கனும். 1991இல் வந்த இதே குழுவின் ‘கிஷ்’, நிர்வாணாவின் ‘நெவர்மைண்ட்’ இரண்டிலும் விக்கின் கை உண்டு. எல்லாமே அனலாக் டேப். மிக்ஸ் செய்தவர் ஆலன் மோல்டர். மை ப்ளடி வேலன்டைனின் ‘லவ்லெஸ்’ஸில் வேலை பார்த்தவர். அடர்ந்த ஃபஸ் கிட்டாருக்குள் பாடகரின் குரலை எங்கே உட்கார வைப்பது என்பது அவருக்குப் பழகிய வேலை. ஆல்பம் 1993 ஜூலை 27 அன்று வெளியானது.

இதில் நம் வேலைக்குப் பயன்படும் தகவல் ஒன்று உண்டு. ஜிம்மி சேம்பர்லினின் ட்ரம்ஸ் தவிர, கிட்டாரிலும் பேஸிலும் பெரும்பகுதியை கார்கன் ஒருவரே வாசித்தார். அடுக்கடுக்காக வைத்தும் அந்த கிட்டார்கள் ஒன்றோடொன்று மோதாததற்கு இது முக்கியமான காரணம். ஒரே ஆளின் கை என்றால் பிக் விழும் கோணம், அழுத்தம், தாளத்தில் சற்று முந்துவதோ பிந்துவதோ எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். உங்கள் குழுவில் இரண்டு கிட்டாரிஸ்டுகள் இருந்தாலும், ரிதம் அடுக்குகள் முழுவதையும் ஒருவரே வாசிக்கட்டும். மற்றவருக்கு லீட், க்ளீன் பகுதிகளைக் கொடுங்கள். மனஸ்தாபம் வரலாம்; ஒலி நன்றாக வரும்.

கிட்டார்

ஆல்பத்தின் பிரதான கிட்டார், லேஸ் சென்சார் பிக்கப் பொருத்திய 57 ரீஇஷ்யூ (1957 மாடலின் மறுவெளியீடு) ஸ்ட்ராட்டோகாஸ்டர். கார்கனின் ‘கிஷ்’ காலத்து ஸ்ட்ராட் 1992இல் டெட்ராய்ட்டில் திருடுபோய், 2019இல்தான் திரும்பக் கிடைத்தது. ஆக, கைக்குப் பழகிய கருவி போன பிறகு வேறொன்றை எடுத்துச் செய்த ஆல்பம் இது. ‘அதே கிட்டார் இருந்தால்தான் வரும்’ என்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

லேஸ் சென்சாரில் இரண்டு நன்மைகள். பார்க்கவும் கேட்கவும் சிங்கிள் காயில் போல இருந்தாலும் ஹம் மிகக் குறைவு. காந்த இழுப்பும் குறைவு என்பதால் கம்பி நீண்ட நேரம் சீராக அதிரும். சாதாரண சிங்கிள் காயில் பிக்கப்பே கையில் இருந்தால், நெக் பிக்கப்பை கம்பியிலிருந்து சற்றுத் தள்ளி இறக்குங்கள். மிக அருகில் இருக்கும் காந்தம் தடித்த கம்பிகளை இழுத்துச் சுருதியை அலைய விடும். ஃபஸ் போட்டால் அந்த அலைச்சல் பல மடங்கு தெரியும். ஹம்பக்கர் கிட்டாரிலும் வேலை நடக்கும். ஆனால் வால்யூம் குமிழை 7 அல்லது 8இல் வையுங்கள், இல்லையென்றால் கீழ்ப்பகுதி சொதசொதவென்று ஆகிவிடும்.

ஹம் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பிக்கப் பிடிக்கும் ஹம் 50, 100, 150 என்று மேலே ஏறிக்கொண்டே போகும். ஒரு ட்ராக்கில் அது பொருட்டில்லை. பன்னிரண்டு ட்ராக்கில் சேர்ந்தால் பாட்டின் அடியில் ஓர் இயந்திரம் ஓடுவது போலக் கேட்கும். பதிவுக்கு முன் பிளக் பாயின்ட்டின் எர்த் இணைப்பைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். பிறகு கிட்டாரைப் பிடித்தபடி நாற்காலியில் மெல்லச் சுழன்று, ஹம் மிகக் குறையும் திசையைக் கண்டுபிடித்து, தரையில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள்.

சுருதி: இங்கேதான் பலர் தோற்கிறார்கள்

ஃபஸ் பெடலுக்குள் இரண்டு சுரங்கள் ஒன்றாகப் போனால், அவற்றின் கூட்டலும் கழித்தலுமாகப் புதிய சுரங்கள் வெளியே வரும். கீழ் ஈ கம்பி 82.4 ஹெர்ட்ஸ். அதன் பவர் கார்டில் (அடிச் சுரமும் ஐந்தாம் சுரமும் மட்டும் சேர்ந்த கார்டு) வரும் பி 123.5. கழித்தால் 41.1, அதாவது கீழ் ஈ-யின் ஒரு ஆக்டேவ் கீழே. பவர் கார்டு ஃபஸ்ஸில் அவ்வளவு கனமாக ஒலிப்பதன் ரகசியம் இந்தக் கழித்தல்தான். நீங்கள் வாசிக்காத ஒரு பேஸ் சுரத்தைப் பெடலே உண்டாக்கிக் கொடுக்கிறது. ஆக்டேவில் இன்னும் சுத்தம்: 164.8இலிருந்து 82.4 போனால் மிச்சம் 82.4, அதே சுரம்.

இப்போது மேஜர் தேர்ட். ஈ-யுடன் ஜி ஷார்ப், 103.8 ஹெர்ட்ஸ். கழித்தால் 21.4. இது எந்த சுரத்திலும் சேராது, வெறும் உறுமல். முழு மேஜர் கார்டை ஃபஸ்ஸில் அடித்தால் கலங்கலாக வருவதற்குக் காரணம் உங்கள் ஆம்ப் அல்ல, இந்தக் கணக்கு. ஆகவே ரிதம் சுவருக்குப் பவர் கார்டும் ஆக்டேவும் மட்டும் போதும். மேஜரா மைனரா என்பதைச் சொல்லும் தேர்ட் சுரத்தைத் தனி ட்ராக்கில் ஒற்றைக் கம்பியில் வாசித்துச் சேருங்கள். தனித்தனிப் பெடல் வழியாக வருவதால் அவை ஒன்றையொன்று கெடுக்காது. காதுக்கு முழுக் கார்டாகவே சேரும்.

அடுத்தது டேக்குகளுக்கு (ஒவ்வொரு முறை வாசித்துப் பதிவதும் ஒரு டேக்) இடையிலான சுருதி. 440 ஹெர்ட்ஸில் 2 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) வித்தியாசம் வந்தால் விநாடிக்கு அரை அலை அசைவு. இரண்டு ட்ராக்கில் அது இனிமை, ஆறு ட்ராக்கில் சேறு. செய்ய வேண்டியவை:

1. 10–46 கம்பி செட் புதிதாகப் போட்டு, நன்றாக இழுத்துவிட்டு, ஒரு மணி நேரம் வாசித்துப் பழக்குங்கள்.
2. இன்டொனேஷனை (கழுத்து முழுவதும் சுருதி பொருந்துவதை) 12ஆம் ஃப்ரெட்டில் சரிசெய்யுங்கள். ஸ்ட்ரோப் வகை ட்யூனரே வேண்டும். கிட்டாரின் தலையில் மாட்டும் க்ளிப் ட்யூனர் இந்த வேலைக்குப் போதாது.
3. திறந்த கம்பியில் மட்டும் ட்யூன் செய்யாதீர்கள். அந்தப் பகுதியில் வரும் கார்டை, வாசிக்கும்போது எவ்வளவு அழுத்துவீர்களோ அதே அழுத்தத்தில் பிடித்து, கம்பி கம்பியாகச் சரிபாருங்கள். விரல் அழுத்தத்திலேயே சுரம் பல சென்ட் ஏறும்.
4. ஒவ்வொரு டேக்குக்கும் முன் திரும்பவும் ட்யூன் செய்யுங்கள். சலிப்புத்தான், ஆனால் இதற்கு மாற்று வழி கிடையாது. மிக்ஸில் சுருதியைத் திருத்தும் ப்ளக்-இன்கள் ஃபஸ் கார்டில் ஒன்றும் செய்யாது.

பெடலும் ஆம்பும்

கார்கனிடம் இருந்தது எழுபதுகளின் பிற்பகுதியில் வந்த ஆப்-ஆம்ப் பிக் மஃப். மற்ற பிக் மஃப்களில் ட்ரான்சிஸ்டர் இருக்கும். இதில் அதற்குப் பதில் ஐசி சிப். எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் 2017இல் இதைச் சிறிய பெட்டியில் மறுபடியும் வெளியிட்டது. வழக்கமான மஃப்பை விட இதில் கரகரப்பு அதிகம், வழுவழுப்புக் குறைவு. அதனால் பிக் விழும் ஓசை மிக்ஸில் தெரியும். ட்ரான்சிஸ்டர் மஃப்பே உங்களிடம் இருந்தால் ஸஸ்டெய்னைக் குறைத்து, ஆம்பின் மிட் குமிழைச் சற்று ஏற்றினால் கிட்டத்தட்ட அந்த இடத்துக்கு வரலாம்.

ஆம்ப், மார்ஷலின் ஜேசிஎம் 800 வரிசையில் 100 வாட் ஹெட், பவர் பகுதியில் கேடி 88 வால்வு. கேபினெட் 4×12 மார்ஷல். கேடி 88 எளிதில் ஒலியைக் கரகரப்பாக்காது. சத்தம் ஏறினாலும் கீழ்ப்பகுதி இறுக்கமாக நிற்கும். இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: கரகரப்பு பெடலில் வரட்டும், பவர் பகுதி உறுதியாக இருக்கட்டும்.

வீட்டில் 100 வாட் வால்வு ஆம்பைத் திறந்தால் அக்கம்பக்கத்தார் கதவைத் தட்டுவார்கள். இரண்டு வழிகள் உண்டு. 5 வாட் வால்வு ஆம்பை 12 அங்குல ஸ்பீக்கரோடு சேர்த்து, அலமாரியில் துணிகளுக்கு நடுவே வைத்து மைக் போடலாம். இல்லையென்றால் ஜேசிஎம் 800 மாடல் ப்ளக்-இன். அதோடு 4×12 கேபினெட்டின் ஐஆர் கோப்பு (அதன் ஒலித் தன்மையைப் பதிந்த கோப்பு), குறிப்பாக ஜி12டி-75 ஸ்பீக்கரில் எடுத்தது. ப்ளக்-இன் வழியில் போனாலும் பெடலை மட்டும் நிஜமாக வைத்துக்கொள்ளுங்கள். கிட்டார் வால்யூமைக் குறைத்தால் நிஜ ஃபஸ் நடந்துகொள்ளும் விதம் கையில் உணரக் கூடியது.

கீழே உள்ளவை தொடங்குவதற்கான அளவுகள் மட்டுமே, கார்கனின் செட்டிங் என்று நினைக்க வேண்டாம். பெடலில் ஸஸ்டெய்ன் 2 மணி, டோன் 11 மணி (குமிழை கடிகார முள்ளாக நினைத்துக்கொள்ளுங்கள்). பெடலை மிதித்தால் சத்தம் லேசாக ஏறும் அளவுக்கு வால்யூம். ஆம்பில் கெய்ன் 3 முதல் 4, அதாவது பெடல் இல்லாமல் பலமாக அடித்தால் ஒலி சற்றே கரகரக்க வேண்டும். பேஸ் 4, மிட் 7, ட்ரெபிள் 5, பிரசென்ஸ் 3. மஃப் நடு அலைவரிசையை விழுங்கும் பெடல் என்பதால் மிட் இவ்வளவு மேலே இருக்கிறது. தனியாகக் கேட்டால் மூக்கடைத்தது போல இருக்கும். அதை அப்படியே விடுங்கள். தனியாகக் கேட்க அழகாக இருக்கும் ஃபஸ் ட்ரம்ஸ் வந்ததும் காணாமல் போகும்.

மைக்

ஒரு எஸ்எம் 57 போதும். ஸ்பீக்கரின் நடுவிலுள்ள மூடியின் விளிம்புக்கு நேராக, துணியிலிருந்து 2–3 செ.மீ. தள்ளி வையுங்கள். நடுவை நோக்கி நகர்த்தினால் கூர்மை கூடும், வெளியே நகர்த்தினால் உருண்டை கூடும். ஈக்வலைசரைத் தொடுவதற்கு முன் மைக்கை ஒரு விரல் அகலம் நகர்த்திப் பாருங்கள்.

இரண்டாவது மைக் வைக்கிறவர்கள் தூரத்தை ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். ஒலி ஒரு மில்லி விநாடியில் சுமார் 34 செ.மீ. போகும். இரண்டு மைக்குக்கும் இடையே 3.4 செ.மீ. வித்தியாசம் வந்தால் 0.1 மில்லி விநாடித் தாமதம்; 5 கிலோஹெர்ட்ஸ் பகுதி ஒன்றையொன்று தின்றுவிடும். ஒரு ட்ராக்கின் போலாரிட்டியை (அலையின் மேல் கீழை) திருப்பிப் பாருங்கள். திருப்பியதும் ஒலி சுத்தமாக மெலிந்து போனால் முன்பிருந்த நிலை சரி. இரண்டு நிலையிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி கேட்டால் மைக் இடம் தவறு.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபல் அருகே நிற்கட்டும். ஃபஸ்ஸில் உச்சத்துக்கும் சராசரிக்கும் இடைவெளி குறைவு என்பதால் அதற்கு மேல் ஏற்றினால் மாஸ்டர் சேனல் சீக்கிரம் நிரம்பிவிடும்.

அடுக்குதல்

ட்ரம்ஸை முதலில் முடியுங்கள். திருத்தம், வெட்டு, ஒட்டு எல்லாம் கிட்டாருக்கு முன்பே. ட்ரம்ஸைப் பிறகு நகர்த்தினால் அதன்மேல் வாசித்த பத்து கிட்டாரும் சரிந்துவிடும்.

‘சோமா’ பாடலில் சுமார் 40 கிட்டார் பகுதிகள் அடுக்கப்பட்டதாகச் சொல்வார்கள். அந்த எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம், காப்பியடிக்கவும் வேண்டாம். அவை எல்லாம் ஒரே நேரத்தில் ஒலிப்பதில்லை. மெல்லிய தொடக்கத்துக்குச் சில, வெடிக்கும் இடத்துக்குச் சில, இரண்டு விநாடி மட்டும் வந்துபோகும் அலங்காரம் சில. ஒரு கோரஸுக்கு எட்டு ட்ராக் ஒழுங்காக இருந்தால் சுவர் எழும்பிவிடும்.

முதல் ஜோடி: பவர் கார்டு, ஒன்று முழு இடம், ஒன்று முழு வலம். பிரிட்ஜ் பிக்கப், மேலே சொன்ன ஸஸ்டெய்ன்.

இரண்டாவது ஜோடி: அதே கார்டுகள், ஆனால் கழுத்தின் வேறொரு இடத்தில். ஐந்தாம் ஃப்ரெட்டில் வாசித்ததை இப்போது பன்னிரண்டாம் ஃப்ரெட் அருகே வாசியுங்கள். ஸஸ்டெய்ன் 12 மணிக்கு இறங்கட்டும், பிக்கப்பை மாற்றுங்கள். பேன் (ஒலியை இடம் வலமாகத் தள்ளும் அளவு) 70 சதவீதம். முதல் ஜோடியை விட 5–6 டெசிபல் கீழே. தனியாகக் கேட்டால் ‘இது ஃபஸ்ஸே இல்லையே’ என்று தோன்ற வேண்டும். பிக் விழும் தெளிவைச் சுவருக்குக் கொடுப்பது இந்த ஜோடிதான். முதல் ஜோடி தருவது உடம்பை மட்டும்.

மூன்றாவது ஜோடி: ஆக்டேவ் வரி. இந்த ஆல்பத்தின் அடையாளம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும். ‘செரப் ராக்’ தொடக்கத்தில் கேட்கும் அந்த ஏறும் வரி, ஆக்டேவைப் பிடித்தபடி பக்கத்துத் திறந்த கம்பிகளையும் ஒலிக்க விடும் வித்தை. ஏ கம்பியில் ஆள்காட்டி விரல், ஜி கம்பியில் இரண்டு ஃப்ரெட் மேலே மோதிர விரல். நடுவிலுள்ள டி கம்பியை ஆள்காட்டி விரலின் அடிச்சதை லேசாகத் தொட்டு ஊமையாக்க வேண்டும். அதன் நுனி கீழ் ஈ கம்பியைத் தொட்டிருக்கட்டும். இரண்டில் ஒன்று தப்பினாலும் ஃபஸ் அதைப் பிடித்துப் பெரிதாக்கும். கை பயப்படாமல் முழு வீச்சில் அடிக்க முடிகிறதா என்று பெடல் இல்லாமல் முதலில் பழகுங்கள். பேன் 40–50 சதவீதம்.

மீதி இரண்டு ட்ராக்: ஒன்றில் தேர்ட் சுரம் அல்லது நீண்ட ஃபீட்பேக், மற்றொன்றில் ஃபஸ்ஸே இல்லாத க்ளீன் கிட்டார், அதே கார்டு. இந்த க்ளீன் ட்ராக்கைக் கேட்பவர் கவனிக்கவே மாட்டார். ம்யூட் செய்தால் சுவரின் விளிம்பு மழுங்கியது தெரியும்.

எந்த டேக்கையும் காப்பி செய்து, சில மில்லி விநாடி நகர்த்தி, எதிர்ப்பக்கம் போடாதீர்கள். மோனோவில் கேட்டால் அலைவரிசைகள் வரிசையாக அறுபட்டுக் குழாய்க்குள் பேசுவது போல ஆகும். புதிதாக வாசித்த இரண்டு டேக் சேர்ந்தால் சத்தம் சுமார் 3 டெசிபல் கூடும், அகலம் கூடும். காப்பி நகர்த்தாமல் சேர்ந்தால் 6 டெசிபல் கூடும், அகலம் துளியும் கூடாது. வாசிப்பில் 10–15 மில்லி விநாடி வித்தியாசம் நல்லதே. 30 தாண்டினால் இரட்டைத் தட்டாகக் கேட்கும். அந்த டேக்கைத் திரும்ப வாசியுங்கள். கார்டு முடியும் இடம், தொடங்கும் இடத்தை விட முக்கியம். எல்லா ட்ராக்கும் ஒரே கணத்தில் நின்றால்தான் அடுத்து வரும் மௌனத்துக்கு மதிப்பு. நாய்ஸ் கேட்டை நம்பாமல், கத்தரிக்கோலால் வெட்டுவது போல நிறுத்தங்களைக் கையால் வெட்டி, 5 மில்லி விநாடி ஃபேட் கொடுங்கள்.

வெர்ஸில் இதையெல்லாம் கழற்றிவிடுங்கள். ‘டுடே’ ஒற்றை கிட்டார் வரியில் தொடங்குவதால்தான் பின்னால் வரும் சுவர் அவ்வளவு உயரமாகத் தெரிகிறது.

லீடும் விசில் கிட்டாரும்

‘செரப் ராக்’ சோலோவின் சுழலும் ஒலி பெடலில் வந்ததல்ல. ஒரே சோலோவை இரண்டு டேப்பில் ஓட்டி, ஒன்றின் வேகத்தை மாற்றிப் பெற்ற டேப் ஃப்ளேஞ்ச். கணினியில் இதை இப்படிச் செய்யலாம். சோலோ ட்ராக்கை நகல் எடுங்கள். நகல் எடுப்பது சரியாக வரும் ஒரே இடம் இது. அசல் ட்ராக்கில் 5 மில்லி விநாடி டிலே, முழுக்க வெட் (தாமதித்த ஒலி மட்டும்), ஃபீட்பேக் பூஜ்ஜியம். நகலிலும் அதே டிலே. ஆனால் நேரத்தை 0க்கும் 10க்கும் இடையே ஆட்டோமேஷனில் மெதுவாக நகர்த்துங்கள். நகல் 5ஐக் கடக்கும் கணத்தில் இரண்டும் ஒன்றாகி, பிறகு ஒன்றையொன்று தாண்டும். சாதாரண ஃப்ளேஞ்சர் பெடல்களில் இந்தத் தாண்டல் வராது, அதனால்தான் அவை பொம்மை மாதிரி ஒலிக்கின்றன. கோட்டைச் சீரான அலையாக வரையாமல், குமிழைக் கையால் திருப்பிப் பதிவு செய்யுங்கள். நீண்ட சுரங்களில் மட்டும் கடக்க வையுங்கள்.

‘மயோனைஸ்’ பாடலில் கார்டுக்கும் கார்டுக்கும் நடுவே வரும் கீச்சொலி, ஒரு மலிவான கிட்டார் வாசிப்பை நிறுத்தும்போதெல்லாம் தானாக எழுப்பிய விசில். கார்கன் அதை மறைக்காமல் பாட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டார். மெழுகில் தோய்க்காத பிக்கப்பின் கம்பிச்சுற்று, ஆம்ப் சத்தத்தில் தானே அதிர்வதால் இப்படி நடக்கும். பழைய மலிவுக் கிட்டார் ஒன்று மூலையில் கிடந்தால் எடுத்து, பெடலைப் போட்டு, ஸ்பீக்கர் பக்கம் திரும்பி நில்லுங்கள். ஹெட்போன் வைத்து ப்ளக்-இன்னில் வாசிப்பவர்களுக்கு இது கிடைக்காது. அறையில் ஒரு ஸ்பீக்கர் சத்தமாக ஓடியே ஆக வேண்டும்.

மிக்ஸ்

ரிதம் கிட்டார் அனைத்தையும் ஒரே பஸ்ஸுக்கு (பல ட்ராக்குகள் சேரும் சேனல்) அனுப்பி, ஈக்வலைசரை அங்கே மட்டும் போடுங்கள். 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு. 250 முதல் 350 வரை 2–3 டெசிபல் குறைப்பு. பல டேக் சேரும்போது முதலில் குவிவது இந்த இடம்தான். 9 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே வெட்டு, அங்கே இருப்பது வெறும் சீற்றம். 3 முதல் 4 கிலோஹெர்ட்ஸுக்குள் காதைக் குத்தும் ஓர் இடம் எப்போதும் இருக்கும், அதைத் தேடிக் குறுகலாகக் குறையுங்கள். கம்ப்ரசர் வேண்டாம். ஃபஸ் ஏற்கெனவே நசுக்கிய ஒலியை மறுபடி நசுக்கினால் ட்ரம்ஸ்தான் அடிபடும்.

பேஸை இரண்டாகப் பிரியுங்கள். 180 ஹெர்ட்ஸுக்குக் கீழே சுத்தமான நேரடி ட்ராக். அதற்கு மேலே ஃபஸ் போட்ட ட்ராக். கிட்டார் சுவரின் கனத்தில் பெரும்பகுதி உண்மையில் இந்த பேஸ் ஃபஸ்தான். பேஸை ம்யூட் செய்து பார்த்தால், கிட்டார்கள் எவ்வளவு மெலிந்தவை என்பது அதிர்ச்சியாகவே இருக்கும். அதற்காக கிட்டாரில் பேஸ் குமிழை ஏற்றிவிடாதீர்கள்.

குரல் வரும்போது மட்டும் கிட்டார் பஸ்ஸில் 1 முதல் 2 கிலோஹெர்ட்ஸ் பகுதியை டைனமிக் ஈக்வலைசரால் 2 டெசிபல் இறக்குங்கள். கோரஸுக்கு முந்தைய ஒரு பாரில் முழு மிக்ஸையும் 1 டெசிபல் குறைத்து, கோரஸின் முதல் அடியில் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள்.

கடைசியாக மோனோ பட்டனை அழுத்துங்கள். சுவர் சிறிதாகலாம், ஆனால் ரிஃப் தெளிவாகக் கேட்க வேண்டும். கார்டு மறைந்து சீற்றம் மட்டும் மிஞ்சினால் ட்ராக்குகளை ஒவ்வொன்றாக ம்யூட் செய்துகொண்டே போங்கள். எதை ம்யூட் செய்ததும் ரிஃப் திரும்பி வருகிறதோ, அந்த டேக்கை மறுபடி ட்யூன் செய்து, ஸஸ்டெய்னை ஒரு மணி அளவு குறைத்து, திரும்ப வாசியுங்கள்.